வரி குறைந்தால் போதுமா?

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நம் குடும்பங்களுக்குள்ளேயே கருத்துகள் பிரிந்தன. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் குழம்பினால் டொலர் மீண்டும் ஏறும் என்று வியாபாரி அஞ்சினார். சம்பளக்காரருக்கு 36 வீதம் வரை உயர்ந்த வருமான வரி சுமையாக இருந்தது. கூலித் தொழிலாளியோ, கடைச் சாமான்களில் விழும் 18 வீத வற் வரியைப் பார்த்தார்.

மூவரின் கவலையும் நியாயமானதே. ஆனால் 2019 டிசம்பரில் வற் 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்ததையும் நாம் மறக்கலாகாது. அரச வருமானம் சரிந்தது. 2022 நெருக்கடிக்கு அதுவும் ஒரு காரணமானது.

ஸகாத், நிஸாபை அடைந்தவர் மீதே கடமை. ஏழை அதைப் பெறுபவர். வற் அப்படியன்று. ஒரே பொருளுக்குச் செல்வந்தரும் ஏழையும் ஒரே தொகையைக் கட்டுகின்றனர். அதேவேளை, இலவசக் கல்வியும் அரச வைத்தியசாலையும் வரிப் பணத்தில்தான் நடக்கின்றன.

எனவே வாக்குறுதி தரும் எவரிடமும் நாம் இரண்டைக் கேட்போம்: இந்தச் சுமை யார் தோளில் விழும்? குறையும் வருமானத்தை எதைக் கொண்டு ஈடுசெய்வீர்கள்?

வாக்கு ஓர் அமானிதம். நம் பைக்கு இலாபமா என்பதோடு, அயலவருக்கு அநீதியா என்பதையும் பார்த்தே அதை நிறைவேற்ற வேண்டும். அல்லாஹ் அருள் புரிவானாக.