ஆடிக்காற்றில் ஒரு லென்ஸ் கணக்கு

தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில் மருந்துக் கணக்குத் தெரியாத திராட்சைத் தோட்டக்காரர் அபூர்வம். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, அதுதான் 1 சதவீத போர்டோ கலவை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வீட்டுப் பிள்ளை கான்டாக்ட் லென்ஸ் வாங்கப் போகும்போது மட்டும் பெட்டி விலையைக் கேட்டதோடு கணக்கு நின்றுவிடுகிறது.

ஆனி பிறந்து மேற்குக் காற்று கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கினால் தேனி மாவட்டக் காற்றாலைகளுக்கு வரவு. தூசியும் மகரந்தமும் ஒத்துக்கொள்ளாத கண்ணில் லென்ஸ் போட்டவருக்குச் செலவு. அரிப்பு, நீர் வடிதல், காலையில் பீளை. மென்மையான லென்ஸ் கண்ணீரில் உள்ள புரதத்தைத் தன்மேல் படியவிடும். தூசி அதில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கண்ணையே உரசிக்கொண்டிருக்கும். இது புதிய சங்கதி அல்ல. மென்லென்ஸ் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1971இல். லென்ஸ் போட்டவர்களின் மேல் இமைக்குள் பெரிய பெரிய பருக்கள் வருவது 1974இலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது.

இனி ரூபாய்க்கு வருவோம். விலை கடைக்குக் கடை மாறும். கணக்கு ஓடுவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் பில்லில் இருப்பதை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மாத லென்ஸ் 6 கொண்ட பெட்டி ₹1,500, அதாவது ஒரு ஜோடி ₹500. கழுவி ஊறவைக்கும் சொல்யூஷன் மாதம் ₹300. ஆக மாதம் ₹800. தினம் ஒன்று போட்டுத் தூக்கி எறியும் டெய்லி லென்ஸ் 30 கொண்ட பெட்டி ₹1,800. ஒரு ஜோடி ₹120.

ஆண்டு முழுக்க டெய்லி என்றால் 730 லென்ஸ், 25 பெட்டி, ₹45,000. மாத லென்ஸ் என்றால் ₹9,600. இந்த இரண்டு தொகையையும் பார்த்தவர்கள் டெய்லி பக்கமே திரும்புவதில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். மாத லென்ஸின் சீலைப் பிரித்த நாளிலிருந்து அதன் ஆயுள் ஒரு மாதம்தான். 30 நாள் போட்டாலும் 4 நாள் போட்டாலும் அதே ₹800. கண் சிவந்து வீட்டில் உட்கார்ந்த நாளுக்கும் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். 800ஐ 120ஆல் வகுத்தால் 6.67. மாதத்தில் 6 நாள் வரை மட்டும் போடுகிறவருக்கு டெய்லி லென்ஸ்தான் மலிவு.

அதனால் ஆனி முதல் புரட்டாசி வரை நான்கு மாதம் கண்ணாடியே போடுங்கள். அது காற்றுக்கும் ஓரளவு தடுப்பு. கல்யாணம், இன்டர்வியூ என்று மாதம் 6 நாள் மட்டும் டெய்லி லென்ஸ். 24 நாள், 48 லென்ஸ், 2 பெட்டி, ₹3,600. மீதி எட்டு மாதம் மாத லென்ஸ், ₹6,400. மொத்தம் ₹10,000. பழைய கணக்கைவிட ₹400தான் கூடுதல். 12 லென்ஸ் கையிருப்பும் இருக்கும். சீல் பிரிக்காதது காலாவதித் தேதி வரை கெடாது. ஒவ்வாமைக் கண்ணுக்கு டெய்லி லென்ஸை மருத்துவர்கள் சொல்வதற்கும் காரணம் எளிது: நேற்றைய தூசி நேற்றோடு குப்பைக்குப் போய்விடும்.

சொட்டு மருந்துக் கணக்கில்தான் விரயம் அதிகம். ஒவ்வாமைக்கு விடும் ஒலோபடடின் 0.1 சதவீதம் 5 மில்லி குப்பியில் வரும். ஒரு சொட்டு சுமார் 40 மைக்ரோலிட்டர் என்றால் குப்பிக்கு 125 சொட்டு. இரண்டு கண்ணுக்கும் இரண்டு வேளை, நாளுக்கு 4 சொட்டு, 31 நாள் வரும். கண்ணின் கொள்ளளவே சுமார் 30 மைக்ரோலிட்டர்தான். முதல் சொட்டிலேயே கண் வழிகிறது. இரண்டாவதாக விடும் சொட்டு கன்னத்துக்கு. 0.2 சதவீத மருந்து என்றால் ஒரு வேளை போதும். பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளில் உள்ளே போகும் மருந்து இரண்டிலும் ஒன்றுதான்.

லென்ஸ் போட்ட கண்ணில் இந்தச் சொட்டை விடக்கூடாது. கெடாமல் இருக்க மருந்தில் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடை லென்ஸ் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சொட்டு விட்டபின் குறைந்தது 10 நிமிடம் கழித்தே லென்ஸ்; மாலையில் லென்ஸைக் கழற்றிய பிறகு அடுத்த சொட்டு. கண்ணாடிக்கு மாறாமல் தினமும் லென்ஸ் போட்டால் அந்த நான்கு மாதத்தில் காலைக் காத்திருப்பு மட்டும் 1,200 நிமிடம், 20 மணி நேரம். தேனி பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. கீட்டோடிஃபென் என்ற இன்னொரு ஒவ்வாமை மருந்தை லென்ஸிலேயே ஏற்றி, ஒன்றுக்கு 19 மைக்ரோகிராம் வீதம், ஒரு டெய்லி லென்ஸுக்கு 2022 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அந்த மருந்தின் 0.025 சதவீதச் சொட்டில் இருப்பது சுமார் 10 மைக்ரோகிராம். ஏறக்குறைய இரண்டு சொட்டை ஒரு லென்ஸில் அடைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கேட்டில் செலவே இல்லாத வரிகளும் உண்டு. கண்ணைக் கசக்காமல் இருப்பது, குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம், லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் இருப்பது. தோட்டத்தில் கந்தகத் தூளோ மருந்தோ அடிக்கும் நாளில் லென்ஸ் 0. மெடிக்கலில் கேட்காமலே கிடைக்கும் ஸ்டீராய்டு சொட்டு அன்றைக்குக் குளுமையாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும். அந்தச் செலவை இந்த ஏட்டில் எழுத முடியாது.

கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் அது ஒவ்வாமை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1985 முதல் இருக்கிறது. லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே ஒரு கண் மருத்துவரிடம் போங்கள். கழற்றிய லென்ஸையும் அதன் டப்பாவையும் எறியாமல் கையோடு கொண்டுபோங்கள்.