சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் தோட்டத்து நாட்கூலியும்

சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் போக்கைப் பெரிதும் நிர்ணயிப்பவை இரண்டு: கலங்களின் தோற்றம், அவை ஊடுருவிய ஆழம். நுணுக்குக்காட்டியில் இயல்பான கலங்களை ஒத்திருப்பவை மீண்டும் மீண்டும் முளைப்பினும் உயிரைக் குடிப்பது அரிது. கருக்கள் பெருத்து ஒழுங்கு குலைந்தவையோ தசைப்படையைத் துளைக்க வல்லவை. துளைத்தபின் சிறுநீர்ப்பையையே அகற்றினும் ஏறத்தாழப் பாதியினரே ஐந்தாண்டு தாண்டுவர்.

1895இல் லுட்விக் ரேன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் சாயத் தொழிலாளரிடையே இந்நோயைக் கண்டு, தொழிலுக்கும் கட்டிக்குமுள்ள உறவை வெளிப்படுத்தினார். மலையகத்திற் சாயச்சாலை இல்லை; முதன்மைக் காரணியான புகையிலை உண்டு. ஆயினும் ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் எழும் வினா வேறு. நோவின்றிச் சிறுநீரிற் குருதி கலப்பதே பெரும்பாலும் முதல் அறிகுறி. நோவாத நோய்க்காகச் செக்றோலில் விழும் ஒருநாட் 'பேரை' எவர் இழப்பார்? மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையோ நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். கலம் வர்க்கம் அறியாது. அது தசையை எட்டுமுன் காணப்படுவது வர்க்கத்தைப் பொறுத்தது.

உரிய காலத்திற் கட்டியை அகற்றியவரும் மூன்றாம் மாதந்தொட்டுப் பல்லாண்டு உட்காட்டிப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். ஒவ்வொரு பயணமும் மேலும் ஒரு பேர்.