கானமயிலும் மின்கம்பியும்

கானமயில் என்ற பெரிய தரைப்பறவை கூடு கட்டுவதில்லை. தார்ப் பாலைவனத்தின் வெறுந்தரையில், சேவண் புல் கொஞ்சம் விலகிய இடத்தில் ஒரே ஒரு முட்டை இடும். இரண்டு இட்டால் அபூர்வம். நான்கு வாரம் போல பெட்டை தனியாக அடைகாக்கும். ஆண் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. நாயோ நரியோ காகமோ அந்த முட்டையைத் தூக்கிவிட்டால், அந்தப் பெட்டைக்கு அந்த வருஷமே வீணாகிப் போகலாம். ஒரு ஈட்டுக்குப் பத்துக் குஞ்சு பொரிக்கும் கோழியைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடாது. மழை எப்போது வரும் என்று தெரியாத நிலத்தில், நிறையப் பெற்றுச் சாகக் கொடுப்பதைவிட, ஒன்றைப் பெற்று நெடுநாள் வாழ்வது என்று ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு அது. வளர்ந்த பறவைகள் சாகாமல் இருக்கும்வரைதான் அந்த ஏற்பாடு ஓடும்.

வளர்ந்த பறவைகள்தான் இப்போது சாகின்றன. 1969-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,260 என்று மதிப்பிட்டார்கள். ஒரு காலத்தில் நம் கோவை, திருச்சி பக்கத்து வறண்ட நிலங்களிலும் திரிந்த பறவை இது. 2018 கணக்கெடுப்பில் தாரில் எஞ்சியவை சுமார் 128. வேட்டையும் மேய்ச்சல் நிலம் சுருங்கியதும் பாதி வேலையை முன்பே முடித்துவிட்டன. மிச்சத்தை முடிக்கப்போவது உயர் அழுத்த மின்கம்பி.

கானமயிலுக்குப் பின்விரல் கிடையாது. முன்னால் மூன்றே விரல்கள். நடக்கப் பிறந்த கால். கிளையையே பிடிக்கத் தெரியாத அது கம்பியில் உட்காரப் போவதில்லை. மோதித்தான் சாகிறது. காரணம் அதன் கண். இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றுப்புறம் முழுக்கத் தெரியும், நேர் எதிரே தெரிவது குறுகிய ஒரு பட்டைதான். ஆப்பிரிக்காவில் வாழும் இதன் உறவான கோரி பஸ்டர்டின் பார்வையை 2010-இல் அளந்து பார்த்தார்கள். தலையை 25 டிகிரி கீழே சாய்த்தாலே போதும், பறக்கும் திசையில் அதற்கு எதுவும் தெரியாது. புல்லையும் துணையையும் தேடிக் குனிந்து பறக்கும் பறவைக்கு ஆகாயத்தில் தடை இருக்கும் என்ற எண்ணமே பரிணாமத்தில் வரவில்லை. ஒருவேளை கடைசி நொடியில் கம்பி கண்ணில் பட்டாலும், 15 கிலோ வரை கனக்கும் ஆண் சட்டென்று ஒடித்துத் திரும்ப முடியாது. மின்கோபுரங்களின் உச்சியில் ஓடும் எர்த் வயரோ மற்ற கம்பிகளைவிட மெல்லியது.

இந்திய வனஉயிரின நிறுவனத்தார் தாரில் 80 கிலோமீட்டர் மின்பாதையின் கீழ் ஓராண்டில் ஏழு முறை நடந்து தேடினார்கள். ஏறத்தாழ 40 இனங்களைச் சேர்ந்த 289 சடலங்கள் கிடைத்தன. நாயும் நரியும் தின்று தீர்த்தவை இதில் சேராது. அதையும் கணித்துப் பார்த்தபோது, 4,200 சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு 84,000 பறவைகள் என்று வந்தது. கானமயில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 18. மேலே சொன்ன 128-ஐயும் வருஷம் ஒரு முட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதே கதியில் போனால் இருபது வருஷத்தில் இனமே அழிந்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இடையில் வௌவாலைப் பற்றி ஒரு வார்த்தை. அதே நிலத்துப் பாழடைந்த கோட்டைகளில் எலிவால் வௌவால்கள் தொங்குகின்றன. உடம்பளவு நீளமான வால், பூச்சி கிடைக்காத மாதங்களுக்கென்று அடிவயிற்றில் சேர்த்துவைத்த கொழுப்பு, வருஷத்துக்கு ஒரே குட்டி. எதிரொலியால் வழி அறியும் பிராணி என்பதால் கம்பி அதற்குப் பெரிய சிக்கலில்லை. ஆனால் சுழலும் காற்றாலை இறக்கையிடம் வௌவால்கள் உலகெங்கும் ஏமாறுகின்றன. ஒற்றைக் குட்டிக்காரர்களுக்கு எங்கேயும் ஒரே கணக்குதான்.

கானமயில் வாழும் பகுதிகளில் மின்கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சூரிய, காற்றாலை மின்சாரத்துக்கு இது இடைஞ்சல், செலவும் கட்டாது என்று அரசு முறையிட, 99,000 சதுர கிலோமீட்டருக்குப் பொதுவான அந்த உத்தரவை நீதிமன்றம் 2024 மார்ச்சில் விலக்கி, முடிவை நிபுணர் குழுவிடம் விட்டது. 2025 டிசம்பரில் ராஜஸ்தானில் கானமயில் பாதுகாப்புக்கான முன்னுரிமைப் பகுதி 14,013 சதுர கிலோமீட்டர் என்று முடிவானது. கரி எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் வரைபடத்தில் கோடு போட்டால் அதற்குள் நிற்கிற பறவை அல்ல இது. மழை பெய்த பக்கம் பறக்கும்.

ஜெய்சல்மேர் மாவட்ட இனப்பெருக்க மையங்களில் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2024-இல் செயற்கைக் கருவூட்டலிலும் ஒரு குஞ்சு பிறந்தது. நல்ல வேலை, சந்தேகமில்லை. அந்தக் குஞ்சுகளை என்றாவது திறந்துவிடப்போவது அதே கம்பிகளுக்கு நடுவில் என்பதுதான் உறுத்துகிறது.

குஜராத்தின் கட்ச்சில், கடைசி ஆண் 2018 வாக்கில் கண்ணிலிருந்து மறைந்தது. அப்போது எஞ்சியவை நான்கைந்து பெட்டைகள். ஆண் துணை இல்லாமலே அவை பருவத்தில் முட்டையிட்டு, தரையில் அமர்ந்து அடைகாத்திருக்கின்றன. எல்லாம் கூமுட்டை.