வளர்ச்சி எவருக்கு? – சி. டி. குரியனின் பொருளியல் ஆய்வு

நாட்டின் உற்பத்தி பெருகினால் வறுமை தானே அகலும் என்பது பலரும் எளிதில் ஏற்கும் கருத்தாகும். பொருள் ஈட்டுவதோடு, ஈட்டியதைப் பங்கிடுவதையும் அரசின் திறமாக எண்ணியவர் வள்ளுவர். அவர் வழிவந்த நாம் இக்கருத்தை ஆராயாமல் ஏற்றல் தகாது.

இவ்வாராய்ச்சியையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர் பொருளியலறிஞர் சி. டி. குரியன் (1931–2024). அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், கூடுவாஞ்சேரிக்கு அண்மையிலுள்ள தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1962 முதல் 1978 வரை பொருளியல் கற்பித்தார். பின்னர்ப் பத்தாண்டுக் காலம் அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக விளங்கினார்.

அக்காலத்தில், சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் வெளியிட்ட கருத்து உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது. வளரத் தொடங்கும் நாட்டில் ஏற்றத்தாழ்வு முதலில் மிகும். வளர்ச்சி முதிர்ந்தபின் குறையும் என்பது அதன் சாரம். அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் புள்ளிவிவரங்களையே அவர் பெரிதும் ஆதாரமாகக் கொண்டார். தம் முடிவில் ஊகமே மிகுதி என்பதை அவரே ஒப்புக்கொண்டார். எனினும் பிறர் அதனை விதியாகவே கொண்டு, ஏழைகள் சற்றுக் காத்திருக்க வேண்டும் என்றனர்.

குரியன் தமிழகச் சிற்றூர்களின் பொருளாதாரத்தை ஆராய்ந்தார். 1950 முதல் 1975 வரை அங்கு நேர்ந்த மாற்றங்களைப் பற்றிய அவரது நூல் 1981இல் வெளிவந்தது. அக்கால்நூற்றாண்டில் பம்புசெட்டுகள் பெருகின, ஏ.டி.டி. 27 போன்ற புதிய நெல் இரகங்களும் இரசாயன உரமும் பரவின, விளைச்சல் உயர்ந்தது. ஆனால் விவசாயக் கூலிகளின் தொகையும் பெருகியது. விளைச்சல் உயர்ந்த அளவுக்கு வறுமை குறையவில்லை.

இம்முரண்பாட்டின் காரணத்தை அவர் உடைமையில் கண்டார். கிணறு வெட்டவும் பம்புசெட்டு அமைக்கவும் உரம் வாங்கவும் முதல் வேண்டும். நிலம் உடையவனுக்கே கடன் எளிதிற் கிட்டும். ஆகவே புதிய வாய்ப்பு எதுவாயினும் அது முதலில் உடையவனையே சென்றடைகிறது. உழைப்பை மட்டுமே உடையவன், அவ்வுழைப்புக்குக் கிடைக்கும் கூலியளவே வளர்ச்சியில் பங்கு பெறுகிறான்.

இதனை விளக்கத் தென்சென்னைப் புறநகரே சான்றாகும். ஏரிப்பாசன வயலொன்று வீட்டுமனையாகிறது என்று கொள்வோம். நிலவிலை பன்மடங்கு உயர்கிறது, உரிமையாளர் செல்வராகிறார். அவ்வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கோ இருந்த வேலையும் போகிறது. மொத்தக் கணக்கில் இது வளர்ச்சியே. இருவரின் வருவாயையும் கூட்டிச் சராசரி கண்டால் அப்பெண்ணின் இழப்பு மறைந்துவிடும்.

எனவேதான், வறுமைக்கோட்டின் கீழ் உள்ளோரை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது என்றார் குரியன். ஒரு சமுதாயத்தின் வளங்கள் சிலருடைய விருப்பங்களுக்குச் செலவாகும்போது பலருடைய அடிப்படைத் தேவைகள் நிறைவேறாது போகின்றன. அந்நிலையே வறுமை என அவர் விளக்கினார். அவ்விளக்கத்தின்படி வறுமையை ஆராய்பவர் செல்வத்தையும் உடன் ஆராய வேண்டும்.

வளர்ச்சியே வேண்டா என்பது இதன் பொருளன்று. 1982இல் விரிவாக்கப்பெற்ற சத்துணவுத் திட்டம், நியாயவிலைக் கடைகள், ஊர்தோறும் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றால் தமிழகம் வளர்ச்சியின் பயனில் ஒரு பகுதியை ஏழைகளிடம் சேர்த்தது. நிதி ஆயோக்கின் பன்முக வறுமைக் கணக்கின்படி, 2019–21இல் தமிழக மக்களுள் 2.20 விழுக்காட்டினரே வறியவர். இம்முன்னேற்றம் காத்திருந்ததால் தானாக வந்ததன்று. பொதுப்பணத்தைத் திட்டமிட்டுப் பகிர்ந்ததன் பயனும் இதிலுண்டு. எனினும் நிலம் முதலிய உடைமைகள் எவர் கையில் உள்ளன என்பதை இக்கணக்கு முழுமையாகக் காட்டாது.

நாட்டின் வளர்ச்சி விகிதம் இத்தனை என்னும் செய்தியைப் படிக்கும் மாணவர்கள், அவ்வளர்ச்சி எவ்வெத் தொழிலில் நிகழ்ந்தது, எவருடைய உடைமை பெருகியது, கூலி பெறுவோர் கைக்கு எவ்வளவு வந்தது என்னும் மூன்று வினாக்களையும் உடன் எழுப்புவாராக. அவ்வினாக்களை நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.