நெடுநாள் கிடந்த அவுட்போர்டு இன்ஜினை எழுப்புவது எப்படி?

ஃபைபர் படகில் மாட்டும் எட்டு, பத்து குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின்கள் கடற்கரை ஊர்களில் ஏதாவதொரு கொட்டகை மூலையில் சாக்கு போர்த்திக் கிடக்கும். நான்கைந்து வருடம் கிடந்ததை வெளியே எடுத்ததும் கை நேரே ஸ்டார்ட் கயிற்றுக்குத்தான் போகும். தயவுசெய்து இழுக்காதீர்கள். கிடந்த காலத்தில் கெட்டதைவிட, எழுப்பிய முதல் பத்து நிமிடத்தில் கெட்ட இன்ஜின்களே அதிகம் என்பது என் எண்ணம்.

காரணம் இதுதான்: சிலிண்டர் சுவரில் எண்ணெய் காய்ந்து, லேசாகத் துருவும் பிடித்திருக்கும். அந்த நிலையில் வேகமாகச் சுற்றினால் பிஸ்டனும் ரிங்கும் சுவரைக் கீறிவிடும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மேலே உள்ள பிளைவீலைக் கையால் மெல்லத் திருப்புங்கள். அசையாவிட்டால் இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். கடப்பாரை போட்டு நெம்ப வேண்டாம்.

நன்றாகச் சுற்றினால் கம்ப்ரஷன் பாருங்கள். இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மிகவும் குறைந்திருந்தால் ரிங்கோ கேஸ்கட்டோ போய்விட்டது. செலவு செய்வதா, உதிரி பாகத்துக்கு வைத்துக்கொள்வதா என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர் பம்ப். இந்த இன்ஜினைக் குளிர்விப்பது கடல்நீர்தான். அதை மேலே ஏற்றுவது கியர் பெட்டிக்கு மேலே இருக்கும் சின்ன ரப்பர் இம்பெல்லர். வருடக்கணக்கில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்ததால் அதன் இதழ்கள் அப்படியே இறுகிப்போயிருக்கும். சுற்றினாலும் நீர் ஏறாது. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று விடாமல் புதிது போடுங்கள். முழு இன்ஜின் சூட்டில் பிடித்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

அதைக் கழற்றும்போதுதான் உப்பின் வேலை தெரியும். அலுமினியத்துக்குள் எஃகு போல்ட் அரித்துப் பிடித்திருக்கும். பலம் கொடுத்தால் தலை ஒடியும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து, கொஞ்சம் சூடு காட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார்.

கியர் ஆயிலையும் இப்போதே வடித்துப் பாருங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆவிக்குப் பக்கத்தில் பொறி ஆபத்து. பழைய எரிபொருள் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். கார்பரேட்டரில் பிசின் உறைந்திருக்கும். ஜெட் துளையைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனரும் காற்றும் போதும். ரப்பர் குழாய்களையும் கையால் அமுக்கும் பம்ப் பந்தையும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். மண்ணெண்ணெய் இன்ஜினாக இருந்தால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு. கடைசியாக ஓட்டியவர் அப்படிச் செய்யாததால்கூட அது கிளம்பாமல் போயிருக்கலாம்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் எண்ணெய் கலவை முக்கியம். பல மாடல்களுக்கு 50:1, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. பழைய மாடல்கள் சிலவற்றுக்கு இதைவிட அதிகம் வேண்டும், அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு ஊற்றும் எண்ணெய் வேண்டாம். படகு இன்ஜினுக்கென்றே விற்கும் எண்ணெய் வாங்குங்கள்.

இப்போது கயிற்றை இழுக்கலாம், ஆனால் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மாட்டிய பிறகு. புரொப்பல்லருக்கு மேலே உள்ள தகடு நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். வெறுங்காற்றில் ஓடினால் புது இம்பெல்லர் நொடிகளில் கருகிவிடும். கிளம்பியதும் காது சத்தத்தைக் கேட்கட்டும், கண் மட்டும் பின்பக்கச் சின்னத் துளையிலேயே இருக்கட்டும். அரை நிமிடத்துக்குள் அங்கிருந்து நீர் பீய்ச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

முதல் ஓட்டம் கரையோரமாகவே இருக்கட்டும், துடுப்போடு. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவி, கியர் ஆயிலை மறுபடி ஒரு சொட்டு வடித்து நிறம் பாருங்கள்.