பனங்காடையை யார் எண்ணுவது?

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். ஒரு பக்கம் கொடைக்கானல் மலை, மறுபக்கம் சிறுமலை என்று இருக்கும்போது, பறவை பார்க்கப் புறப்படுகிறவர்கள் இந்த மக்காச்சோளக் காடுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே வண்டியை நிறுத்துவதில்லை. நாடு முழுக்கவே இதுதான் நிலைமை. மலைகளிலும் பேர்பெற்ற ஏரிகளிலும் பதிவுகள் குவிகின்றன; சாதாரணச் சமவெளி விடுபட்டுப்போகிறது. ஆனால், கவலைக்குரிய மாற்றங்களில் பல இந்தச் சமவெளியில்தான் நடக்கின்றன.

2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் தந்த சுமார் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இருந்தவை 338 இனங்கள் மட்டுமே. அவற்றில் 204 இனங்கள் குறைந்திருந்தன. திறந்த வெளிகளில் வாழும் பறவைகளின் சரிவு அதில் கண்கூடு. பனங்காடை அவற்றில் ஒன்று. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பாகத் தெரியும். பறந்தால் சிறகில் வெளிர்நீலமும் கருநீலமும் பட்டையாக விரியும். வெட்டுக்கிளியையும் வண்டையும் தின்று உழவருக்கு உதவும் இந்தப் பறவை, பட்டுப்போன பனையின் பொந்திலும் கூடு வைக்கும். அது வெகுவாகக் குறைந்திருப்பதால் அதன் பாதுகாப்பு நிலையை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்கிறது அறிக்கை. சிட்டுக்குருவியின் கதை வேறு. அது அழிந்துகொண்டே போகிறதென்று நாம் பல்லாண்டுகளாக வருந்தினோம். பெருநகரங்களில் அது குறைந்திருந்தாலும், நாடளவில் ஏறக்குறைய நிலையாக இருப்பதாக 2020ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. எண்ணிப் பார்க்காத வருத்தம் இப்படித் திசைமாறிப் போகும்.

சமவெளியை ஆண்டு தவறாமல் எண்ண ஆள் வேண்டும். வனத்துறையின் கவனம் இயல்பாகவே காட்டின்மீது. ஆய்வாளர்கள் திட்டம் முடிந்தால் போய்விடுவார்கள். எல்லா ஊரிலும் இருப்பதும், ஆண்டுதோறும் புது மாணவர்கள் வந்துகொண்டே இருப்பதும் பள்ளிக்கூடம்தான். செய்முறையும் கடினமில்லை. தமிழகத்தில் 2015இலிருந்து பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளை இனவாரியாக எண்ணி, நேரத்தையும் இடத்தையும் சேர்த்து 'இ-பேர்ட்' என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதியவேண்டும். காக்கை, மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி எதையும் விடக்கூடாது. பட்டியல் முழுமையாக இருந்தால்தான் அதில் இல்லாத பறவையும் ஒரு செய்தியாகும். பனங்காடை இல்லாத பட்டியலும் பனங்காடை பற்றிய தரவுதான். கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இப்படிச் சுமார் 25,000 பட்டியல்களைத் திரட்டி, 361 இனங்களுடன் மாநிலம் முழுமைக்குமான பறவை வரைபடத்தையே உருவாக்கினார்கள்.

பிள்ளைகள் தப்பும் தவறுமாக எழுதமாட்டார்களா என்ற சந்தேகம் நியாயமானது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் நடந்த நண்டுக் கணக்கெடுப்பில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி, உள்ளூர் நண்டையும் அயல் நண்டையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 80 சதவீதமும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 95 சதவீதமும் சரியாகப் பிரித்தறிந்தார்கள். வயதுக்கேற்ற வேலையைக் கொடுத்துப் பழக்கினால் போதும் என்பதுதான் இதன் பொருள். அரிய இனமோ அளவுக்கு மீறிய எண்ணிக்கையோ பதிவானால், இ-பேர்ட்டில் உள்ளூர் வல்லுநர்கள் கேள்வி கேட்டுச் சரிபார்ப்பதும் உண்டு. இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: இருப்பிடத்தை வெளியிட்டால் வேட்டைக்காரருக்கு வழிகாட்டியதாகாதா? ஆகும்; பறவைக்கு மட்டுமல்ல, வழியில் தென்படும் மற்ற உயிர்களுக்கும் இந்த எச்சரிக்கை தேவை. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பில் 2022இல் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்துப் பிள்ளைகள் தேவாங்கைப் பார்த்தால் இடத்தைப் பொதுவில் போடாமல் வனத்துறையிடம் மட்டும் சொல்லவேண்டும். கூட்டின் படத்தையும் பகிரக்கூடாது. எண்ணப் பழக்கும்போதே இதையும் சொல்லித்தர வேண்டும். படிப்பு கெடும் என்ற கவலைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை: ஒரு காலைப்பொழுதில் கால்மணி நேரம்தான் கேட்கிறோம்.

எண்ணினால் பறவை பிழைத்துவிடுமா? பிழைக்காதுதான். ஆனால், எண்ணாமல் எதையும் வாதிட முடியாது. மயில் பெருகி விதையையும் பயிரையும் அழிக்கிறது என்று உழவர்கள் சொல்வதற்கும் உள்ளூர்க் கணக்கு வேண்டும்; பனையை வெட்டாதே என்பதற்கும் வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கவேண்டும். ஒருமுறை எழுதி அலமாரியில் வைத்த பதிவேட்டால் பயனில்லை. மாணவர்களின் பட்டியல் ஆண்டுதோறும் அதில் சேரவேண்டும், கிராமசபையில் அவர்களே அதை வாசிக்கவேண்டும். ரெட்டியார்சத்திரம் வட்டார ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் பொங்கலுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அவரவர் வீட்டுத் தோட்டத்திலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள், அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே நேரத்தில் எண்ணச் சொல்லுங்கள்.