ரப்பர் மீனுக்கு ஒரு நாள் சம்பளமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பெரட்டுக்களம் வெறிச்சோடிக் கிடக்கிறது, கூட்டமெல்லாம் குட்டைக்கரையில்தான். மூங்கில் கம்பும் மண்புழுவும் வைத்துக் கெளுத்தி பிடித்த காலம் போய்விட்டது. இன்று நம் இளைஞர்கள் கையில் மெசின் பூட்டிய கோல், தோளில் பை, பைக்குள் பெட்டி, பெட்டி நிறைய வண்ண வண்ணமாய்ப் பொய் மீன்கள்! இதில் நமக்கு மறுப்பில்லை. தண்ணிக்கடையில் உட்கார்ந்து சம்பளத்தைக் கரைப்பதைவிடக் குட்டைக்கரையில் உட்கார்வது ஆயிரம் மடங்கு மேல். மாலையில் வீட்டுக்கு ஒரு விரால் வந்தால் குழம்புக்கும் ஆயிற்று. பிள்ளை பெற்றவளுக்கும், ஆப்பரேஷன் செய்து வந்தவருக்கும் விரால் கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு, மலாய்க்காரரிடமும் உண்டு.

நமக்குக் கவலையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் பணத்தைப் பற்றித்தான். மூட்டு மூட்டாக வளையும் பொய் மீன் ஒன்றை 60 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியதாக ஒரு தம்பி நம்மிடம் பெருமையாகச் சொன்னார். 2025 பிப்ரவரி முதல் தேதி நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு நாள் கணக்கில் அது 65 வெள்ளி 38 காசு. ஆக, வெயிலில் நின்று குலை வெட்டிய ஒரு முழு நாள் அந்த ஒற்றைப் பொய் மீனுக்குப் போயிற்று. மூன்றாவது வீச்சிலேயே அது தண்ணீருக்கடியில் கிடந்த கட்டையில் மாட்டி அறுந்துவிட்டதாம். பக்கத்தில் நின்ற அவர் தாயார், "அந்தக் காசுக்குக் கெம்போங் மீன் வாங்கியிருந்தா நாலு நாள் கொழம்பு வச்சிருப்பேனேப்பா" என்றார். தாயார் போட்ட கணக்கில் பிழை ஒன்றும் இல்லை.

ஆகவே இவ்வாரம் சேமநிதி, சொக்சோ விவகாரங்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, குறைந்த விலையில் நல்ல பொய் மீனைப் பார்த்து வாங்குவது எப்படி என்று பேசுவோம்.

கடைக்காரர் இதைச் 'சுவிம்பெய்ட்' என்பார். நீந்தும் இரை என்று வைத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கட்டைப் பிளாஸ்டிக்கில் அல்லது மரத்தில் துண்டு துண்டாகச் செய்து மூட்டுப் போட்டது. இன்னொன்று, உடல் முழுவதும் மெத்தென்று இருக்கும் ரப்பர் மீன். பெரிய சுவிம்பெய்ட் பேர் எடுத்தது அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து ஏரிகளில். அங்கே தூண்டில்காரர்களுக்காக டிரவுட் மீனை வளர்த்து ஏரியில் விடுவார்கள். அந்த டிரவுட்டை விழுங்கி விழுங்கியே அங்குள்ள பாஸ் மீன்கள் பெருத்துப் போயின. அவற்றைப் பிடிக்க டிரவுட் அளவிலேயே, முழங்கை நீளத்துக்குப் பொய் மீன் செய்தார்கள். கையால் இழைத்து, கையால் வர்ணம் பூசியவற்றுக்கு விலை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

நம் தோட்டத்துக் குட்டையில் டிரவுட் எங்கே இருக்கிறது? நம் விரால் தின்பது தவளை, பனையேறி, திலாப்பியாக் குஞ்சு, சின்ன இறால். அந்தக் குஞ்சு எந்த அளவோ அந்த அளவுக்கு நம் பொய் மீன் இருந்தால் போதும். 3 அங்குலம், மிஞ்சினால் 4 அங்குலம். இந்த அளவில் மெத்தென்ற ரப்பர் மீன் நாலைந்து சேர்ந்த பாக்கெட், சாதாரணக் கடைகளில் பெரும்பாலும் 20 வெள்ளிக்குள் கிடைக்கிறது. ஒன்று கட்டையில் போனாலும் நெஞ்சு அடைக்காது.

ஆனால் மலிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. முதலில் வாலைப் பாருங்கள். இந்த ரப்பர் மீனின் உயிரே வாலில்தான் இருக்கிறது. வால் நுனியில் சின்னத் தட்டு ஒன்று செங்குத்தாக நிற்கும். இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தட்டில் மோதி ஒரு பக்கம் தள்ளும். ரப்பர் திரும்ப இழுக்கும். இப்படி மாறி மாறி வால் ஆடுகிறது. வால் ஆடினால் உடலும் சேர்ந்து உருளும். தட்டுக்கு முன்னால் உள்ள கழுத்து மெலிதாகவும் துவளும்படியும் இருந்தால்தான், மெதுவாக இழுக்கும்போதும் ஆட்டம் வரும். கழுத்து தடித்து, ரப்பர் விறைப்பாக இருந்தால் வேகமாக இழுத்தால்தான் ஆடும். கலங்கிய தண்ணீரில் சோம்பிக் கிடக்கும் விரால் அந்த வேகத்துக்குத் துரத்தி வருமா? பாக்கெட்டை வெளியிலிருந்தே இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தால் ரப்பரின் தன்மை தெரிந்துவிடும்.

பாக்கெட்டுக்குள் வால் மடங்கிக் கிடந்து கோணிப்போயிருந்தால் அதைக் குப்பை என்று எறிய வேண்டாம். சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு, நேராக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டால் சரியாகிவிடும். இதற்குப் பழைய டின் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். அந்த ரப்பரில் ஊறியிருக்கும் எண்ணெய் வயிற்றுக்குள் போகத் தக்கதல்ல.

நிறத்துக்காக மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. கடையில் தொங்கும் நிறங்களில் பாதி நம்மைப் பிடிப்பதற்குத்தான். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி நிறத்தில் ஒரு பாக்கெட், கலங்கலுக்குக் கறுப்பிலோ பளிச்சென்ற மஞ்சள் பச்சையிலோ ஒரு பாக்கெட். அவ்வளவுதான்.

மிச்சம் பிடித்த காசை முள்ளில் போடுங்கள். இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். மலிவான பொய் மீனால் மீன் தப்புவது குறைவு. மலிவான முள்ளால்தான் தப்புகிறது. இரண்டு மூன்று வெள்ளிக்கு வரும் கட்டை மீன்களில் முள் இளகிய கம்பியாக இருக்கும். பெரிய விரால் ஒரு உதறு உதறினால் முள் நிமிர்ந்துவிடும். வளையமும் அப்படித்தான், வாய் பிளந்துகொள்ளும். ஆகவே மலிவு மீன் வாங்கினால் முள்ளையும் வளையத்தையும் மாற்றிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். முள் கூராக இருக்கிறதா என்று பார்க்க, நுனியை நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கல், பிடித்தால் கூர்.

ரப்பர் மீனுக்கு இரண்டு வித முள் போதும். திறந்த தண்ணீருக்கு ஈயத்தலை வைத்த முள். 3 அங்குல மீனுக்கு 5 முதல் 7 கிராம் வரை. உங்கள் கோலில் எத்தனை கிராம் வீசலாம் என்று அடியில் அச்சிட்டிருக்கும், அதற்குள் அடங்க வேண்டும். அவுன்ஸ் கணக்கில் போட்டிருந்தால் கால் அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 7 கிராம். புல்லும் ஆகாயத்தாமரையும் அடைத்த குட்டைக்கு ஈயத்தலை ஆகாது, ஒவ்வொரு வீச்சிலும் ஒரு கட்டுப் புல்தான் வரும். அதற்கு அகன்ற வளைவு முள் என்று கேளுங்கள். மூக்கில் குத்தி, கொஞ்சம் உள்ளே செலுத்தி, தாடைக்கடியில் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, நுனியை முதுகுக்குள் மறைத்துவிட வேண்டும். புல் மாட்டாது. மீன் கடிக்கும்போது ரப்பர் நசுங்கி முள் வெளியே வரும். குத்துவதற்கு முன் முள்ளை மீனின் பக்கத்தில் வைத்து, எந்த இடத்தில் வெளிவர வேண்டும் என்று நகத்தால் கீறி அடையாளம் செய்துகொள்ளுங்கள். கோணலாகப் பூட்டினால் மீன் நீந்தாது, பம்பரம்போல் சுற்றி நூலை முறுக்கிவிடும். பிறகு, "மலிவு சாமான், அதான் சரியா நீந்தல" என்று கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை.

ஈயத்தைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கம் நம் பெரியவர்கள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. ஈயம் நஞ்சு. இடுக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

தோமான் இருக்கும் இடத்துக்கு, அது தெமெங்கோர், கெனிர் ஏரியாகட்டும், பழைய ஈயக்குட்டையாகட்டும், மெத்தென்ற ரப்பர் மீனைக் கொண்டுபோவது நட்டம். தோமானின் பல் ஒரே கடியில் வாலை நறுக்கிவிடும். அங்கே தகட்டில் செய்த 'ஸ்பூன்' சிக்கனம். விலையும் குறைவு, பல்லுக்கும் அசையாது. நூலுக்கு முன்னால் தடித்த தங்கூசியோ கம்பியோ ஒரு சாண் கட்டிக்கொள்ளுங்கள்.

ஈயக்குட்டைகளில் இப்போது பீக்காக் பாஸ் என்ற மீன் பெருகியிருக்கிறது. பெயரில்தான் பாஸ், திலாப்பியாவுக்குத்தான் அது உறவு, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீனாதலால் வெளிச்சம் வந்த பிறகுதான் நன்றாகக் கடிக்கும். வாரம் முழுவதும் விடியலில் எழுகிறவர்களுக்கு ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கிவிட்டுப் போக வசதி! 3 அங்குல வெள்ளி நிற ரப்பர் மீன் அதற்குத் தாராளம். ஆனால் உயிரோடு கொண்டுவந்து நம் தோட்டத்துக் குட்டையில் விடும் வேலை மட்டும் வேண்டாம். நம் குட்டை மீன்களின் குஞ்சுகளையெல்லாம் அது தின்று தீர்த்துவிடும்.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் சிக்கனம்தான். வேறு வேறு பாக்கெட் ரப்பர் மீன்களை ஒரே பெட்டியில் கொட்டினால் ஒன்றோடொன்று இளகி ஒட்டி, சாயமும் இறங்கிவிடும். அதனதன் பாக்கெட்டிலேயே வையுங்கள். கிழிந்த மீனை எறிய வேண்டாம். பழைய ஆணி ஒன்றைச் சூடாக்கி, கிழிந்த இரண்டு ஓரத்தையும் தொட்டு உருக்கி, ஆறும்வரை சேர்த்துப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். வெளித் திண்ணையில் வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. ஒட்ட முடியாததைக் குப்பையில் போடுங்கள், குட்டையில் அல்ல. மீன் விழுங்கினால் அதற்குச் செரிக்காது.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈயக்குட்டையின் கரை ஓரத்திலேயே ஆளை முழுக்கும் ஆழம் இருக்கும். அறுந்த 10 வெள்ளிச் சாமானுக்காக ஒருவரும் இறங்கக் கூடாது. மரத்தில் மாட்டியதைக் கோலை வளைத்து வெடுக்கென்று இழுத்தால் முள் கண்ணை நோக்கித்தான் திரும்பி வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, நூலைக் கையில் துணியால் சுற்றி, கோலை நேராக வைத்து இழுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. களைக்கொல்லி அடித்த காட்டு அல்லூறுகளில் பிடித்த மீன் சட்டிக்கு வேண்டாம். பாராகுவாட்டை அரசாங்கம் 2020 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது உண்மை. அதற்குப் பதிலாக அடிக்கும் மருந்தும் மருந்துதான்.

கடைசியாக விரால், தோமான் குஞ்சுகள். நீர்மட்டத்தில் செக்கச்செவேலென்று குஞ்சுகள் மொய்த்துக்கொண்டு திரியும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, குஞ்சுகளைக் காப்பாற்ற. அதைத் தெரிந்துகொண்டே அதன் மேல் ரப்பர் மீனை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். "சுலபமா கெடைக்குதுங்கண்ணே" என்கிறார்கள். காவலைத் தூக்கிவிட்டால் அத்தனை குஞ்சும் அன்றைக்கே மற்ற மீன்களுக்கு இரை. அடுத்த வருடம் அதே குட்டையில் வீச எது இருக்கும்? சிவப்புக் கூட்டம் கண்ணில் பட்டால் கோலைத் திருப்பி எதிர்க்கரைப் பக்கம் வீசுங்கள். அங்கேயும் விரால் இருக்கிறது.